வாரிக் டன்னுக்கும் அவரோடு கைகோத்தவர்களுக்கும் நன்றி

அன்புள்ள வாரிக் டன் அவர்களுக்கும், அவரோடு சேர்ந்து வீடுகளை நிறைத்துத் தரும் எல்லோருக்கும்,

வணக்கம். அட்லாண்டாவில் இருந்து எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் இது உங்கள் கைக்கு வராமலே போகலாம். பரவாயில்லை. அமெரிக்க ஃபுட்பால் வீரராக இருந்தவர் நீங்கள்; தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் சொந்த வீடு வாங்க உதவி, அதைச் சாமான்களால் நிறைத்தும் தருகிறீர்கள். உங்களைப் பற்றி எங்கள் ஆட்களிடம் நாலு வார்த்தை சொன்னால் அதுவும் நன்றிதான்.

ஒரு சனிக்கிழமை, எளிய குடும்பங்களுக்காகத் தொண்டர்களை வைத்து வீடு கட்டும் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பின் வீடு ஒன்றுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தேன். அந்த வீட்டில் குடியேறப் போகிற அம்மாவும் அன்று வந்திருந்தார். தனியாளாகப் பிள்ளைகளை வளர்ப்பவர். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். தன் வீட்டுக்குத் தானும் இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது அங்கே விதி. சின்ன பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தை மட்டும் அரை மணி நேரம் இழைத்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "இது என் மகள் ரூம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கை பூசினார்.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அப்பா போன பிறகு நாங்கள் எட்டு வாடகை வீடு மாறினோம். எட்டிலும் அம்மா பால் காய்ச்சித்தான் குடிபோனார். ஆனால் எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டே நான் பத்தாம் வகுப்பு வரை வந்தேன்.

அதனால்தான் உங்கள் கதையைப் படித்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, மோதி வீழ்த்த வருகிற மலை போன்ற ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது. ஐந்தடி ஒன்பது அங்குல ஆளான நீங்கள் டாம்பா பே, அட்லாண்டா அணிகளுக்காக 12 பருவங்கள் அப்படி ஓடி, 10,000 கெஜத்துக்கு மேல் கடந்தீர்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பே உங்கள் தலையில் ஒரு குடும்பம் இறங்கியிருந்தது. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் உங்கள் அம்மா பெட்டி ஸ்மதர்ஸ் போலீஸ் வேலை பார்த்தார். ஆறு பிள்ளைகள், ஒற்றைச் சம்பளம். போதாததற்குப் பணி நேரம் போகக் காவல் வேலைக்கும் போனார். 1993 ஜனவரி 7 இரவு, ஒரு கடை மேலாளரோடு வங்கியில் பணம் போடத் துணைக்குப் போன இடத்தில் கொள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உங்களுக்கு 18 வயது முடிந்து இரண்டே நாள். மூத்த பிள்ளை நீங்கள். தம்பி தங்கைகள் ஐந்து பேர்.

சொந்த வீடு வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அது நடக்கவில்லை. அவர் பெயரைத்தான் முதலில் எழுதி நன்றி சொல்லியிருக்க வேண்டும். சரி, இங்கே சொல்கிறேன்: பெட்டி அம்மா, நன்றி.

நீங்கள் ஃபுளோரிடாவில் கல்லூரியில் இருந்தபோது வீட்டைத் தாங்கிய உங்கள் பாட்டிக்கும், அந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்த பேட்டன் ரூஜ் ஊராருக்கும் நன்றி. 1997-ல் நீங்கள் டாம்பாவில் சேர்ந்த முதல் வருடமே, ஊருக்கு ஏதாவது திருப்பிச் செய்யுங்கள் என்று வீரர்களைத் தூண்டிய பயிற்சியாளர் டோனி டஞ்சிக்கும் நன்றி. அந்த வருடமே தனித் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் வீடு என்று நீங்கள் தொடங்கியது, இன்று 200 குடும்பங்களைத் தாண்டிவிட்டது.

நீங்கள் செய்வதில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நீங்கள் வீட்டை இனாமாகக் கொடுப்பதில்லை. கடன் அந்தத் தாயுடையது, மாதத் தவணை அவர் கட்டுவது, பத்திரம் அவர் பெயரில். முன்பணத்துக்கு உதவுகிறீர்கள். அப்புறம் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வாங்கிப் போட்டுவிடுகிறீர்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது அலங்காரம் போலத் தெரியும். ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். வாடகையை மாதாமாதம் தவறாமல் கட்டுகிறவர்தான், ஆனால் மொத்தமாக ஒரு தொகையை அவரால் திரட்ட முடியாது. எப்படியோ திரட்டிச் சாவி வாங்கினாலும் கையிருப்பு துடைத்தெடுத்தாற்போல் ஆகிவிடும். கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் கிரெடிட் கார்டில் வரும். அந்த வட்டிதான் மூன்றாம் மாதம் வீட்டுத் தவணையைத் தின்னும். முதல் நாளே கட்டில், விரிப்பு, பாத்திரம், அலமாரி நிறைய மளிகை, புல் வெட்டும் இயந்திரம் வரை இருந்தால், அடுத்த சம்பளம் முழுசாகத் தவணைக்கு நிற்கும். அன்று இரவே அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடலாம்.

ஆகவே அந்தத் தலையணை உறைகளை மடித்து வைத்தவர்களே, டப்பாக்களை அடுக்கியவர்களே, மெத்தையைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்களே, உங்கள் பெயர் எங்கும் வராது. புகைப்படத்தில் சாவி வாங்கும் குடும்பம்தான் இருக்கும். உங்களுக்குத்தான் இந்த மடலில் பாதி.

அட்லாண்டா இருக்கும் இதே ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற சிற்றூரில் 1976-ல் பிறந்து, இன்றும் சனிக்கிழமைதோறும் முன்பின் தெரியாதவர்கள் கையில் சுத்தியலைக் கொடுத்து வேலை சொல்லித்தரும், உங்கள் வேலையில் உங்களோடு கைகோக்கும் ஹேபிடாட் அமைப்புக்கும் என் வணக்கம். ஆணியை எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்த மேஸ்திரிக்குத் தனியாக ஒரு நன்றி. ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன், சுவரில் ஆணி அடித்தேன் என்று. "யார் வீட்டில்? திட்டமாட்டார்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார் என்றேன்.

அன்புடன்,
அட்லாண்டாவில் இருந்து ஒரு தமிழ்ப் பெண்