தொலைந்த படம் கிடைக்கும் வரை கார்டைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினான்கு வருடமாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன மாசியில் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வாரிசுச் சான்றிதழ் வேலையாக நகல் எடுக்க வந்தார். எடுத்து முடித்ததும், "கண்ணு, இதுல எங்க ஊட்டுக்காரர் போட்டோ இருந்துச்சு, பெருசு பண்ணி பிரேம் போடணும்" என்று சுருக்குப் பையிலிருந்து நகமளவு மெமரி கார்டை எடுத்து நீட்டினார். போனில் போட்டபோது ஃபார்மட் செய்யவா என்று கேட்டிருக்கிறது. பேரன் சரி என்று அழுத்திவிட்டான். செல்போன் கடைக்குக் கொண்டுபோனால், "எல்லாம் போயிடுச்சும்மா" என்று புதுக் கார்டு ஒன்றை விற்று அனுப்பிவிட்டார்கள்.

போகவில்லை ஐயா. சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்கிற குறிப்பைத்தான் அழிக்கும். படம் இருந்த இடத்திலேயே கிடக்கும். அதன்மேல் வேறொன்று பதிந்தால்தான் உண்மையிலேயே போகும். அந்த அம்மா பழைய கார்டை மறுபடி போனில் போடாமல் பையில் முடிந்து வைத்திருந்ததுதான் நல்லதாகப் போனது.

என் மகனுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் போட்டோரெக் என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். கிறிஸ்டோஃப் கிரெனியர் என்பவர் எழுதியது, காசு கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அம்புக்குறி விசையால்தான் நகர்த்த வேண்டும். பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். அது அழிந்துபோன குறிப்பைத் தேடுவதே இல்லை. போனில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் என்ற வகை. ஜேபெக் படம் எதுவானாலும் அந்தக் கோப்பின் தொடக்க பைட்டுகள் ஒரே மாதிரி இருக்கும். அந்தத் தொடக்கத்தைக் கார்டு முழுக்கத் தேடிப் பிடிக்கிறது. அதனால் பழைய பெயர் எதுவும் வராது, எஃப் என்ற எழுத்தும் நீளமாக ஒரு எண்ணும்தான் வரும். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

16 ஜிபி கார்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கடையில் ஏற்றிய பாட்டுகள், சாமி படங்கள், பேரன் தரையைப் பார்த்து எடுத்த படங்கள் என்று நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புளி உலுக்கும்போது எடுத்தது ஒன்று வந்தது. தோளில் துண்டு, காலடியில் பாதி நிரம்பிய சாக்கு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவர். "அதா, அதா" என்றார். அப்புறம் பேசவில்லை.

எல்லாருக்கும் இப்படிக் கிடைத்துவிடாது. 2019ல் ஒருவருடைய 140 பக்கப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து என் பென்டிரைவில் வைத்திருந்தேன். தவறி அழிந்துவிட்டது. பதற்றத்தில் ரெக்குவா என்ற மீட்பு மென்பொருளை இறக்கி அதே பென்டிரைவிலேயே வைத்து, கிடைத்த கோப்புகளையும் அதிலேயே சேமித்தேன். மீட்க வேண்டியதன் மேலேயே நானே எழுதிவிட்டேன். அறுபது பக்கத்துக்குமேல் மறுபடி அடித்துக் கொடுத்தேன். மீட்பதை எப்போதும் வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அந்த வேலை மிச்சம்.

இப்போது கணினிகளில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி வட்டுகளில் அழித்த இடத்தை வட்டே துடைத்துவிடுவதால் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. போனின் உள்நினைவகத்திலும் இந்த மென்பொருள்கள் உதவாது. ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் எந்த மென்பொருளையும் ஓட்டாமல் உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் நம் ஊர்ப்பக்கம் கடைக்கு வருவதில் பெரும்பாலானவை மெமரி கார்டும் பென்டிரைவும்தான். அவற்றில் முயன்று பார்க்காமலே கைவிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணப் படம், இறந்தவர் முகம், பிள்ளையின் முதல் நடை எல்லாம் அந்த நகமளவு தகட்டில்தான் இருக்கின்றன.

அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை என்று எந்த ஊரில் செல்போன் கடை, கணினிக் கடை வைத்திருப்பவரானாலும், ஃபார்மட் அடிக்கும் முன் "உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மீட்கத் தெரியாவிட்டால் கார்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "யாரும் இதில் எதையும் ஏற்றாதீங்க" என்று சொல்லி அனுப்புங்கள். இதையே பெரிய எழுத்தில் அடித்து என் ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வேறு கடைக்காரர்கள் யார் கேட்டாலும் நகல் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரி,
அரூர், தருமபுரி மாவட்டம்.