பாப்பாவுக்கு, தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னாடி

பாப்பா,

நேத்து போன்ல ஏதோ நீலக் கலர் மருந்து ஏத்தி பாராதைராய்டு எங்க இருக்குன்னு பாப்பாங்களாம்னு சொல்லிட்டு, ஆபீஸ் கால் வருதுப்பான்னு வெச்சிட்ட, அப்புறம் நைட்டு முழுக்க எனக்கு தூக்கமே வரல. தேதி குறிச்சப்புறம்தான் எங்களுக்கே சொல்ற, சரி, புனேல தனியா எல்லாம் பாத்துக்கறவ, பெருமைதான், ஆனா அம்மா முகத்தை நீ பாக்கலியே.

சாயம் ஏத்தறது தப்பில்ல. பாராதைராய்டுங்கறது தைராய்டுக்கு பின்னாடி அரிசி சைஸ்ல நாலு சுரப்பி, பாத்தா கொழுப்புத் துண்டு மாதிரியே இருக்குமாம், தெரியாம சேர்த்து எடுத்துட்டாலோ அதுக்குப் போற ரத்தம் நின்னுட்டாலோ கால்சியம் இறங்கிடும். பெரியம்மாவுக்கு அன்னைக்கு கை இழுத்துகிச்சே, அதேதான். ஆபரேஷன் முடிஞ்சு உதட்டைச் சுத்தி மதமதன்னு இருந்தா உடனே நர்ஸை கூப்புடு, பொறுத்துக்காத.

அந்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாதான் இருக்கும். ஏத்துனா யூரின் பச்சையா நீலமா போகும், விரல்ல மாட்டற மெஷின் ஆக்ஸிஜன் கம்மின்னு காட்டும், அதெல்லாம் சாயத்தோட வேலை. ஆனா சில மாத்திரைக்கு அது ஆகாது. எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின், மனசு பாரத்துக்கு குடுக்கற அந்த குரூப்பு, உதாரணத்துக்குதான் சொல்றேன். ரெண்டும் சேர்ந்தா மூளையில செரோடோனின்னு ஒரு ரசாயனம் எக்குத்தப்பா ஏறி ஜுரம், நடுக்கம், ஆளே குழம்பிப்போறதுன்னு வரும், அமெரிக்காவுல மருந்தை கண்காணிக்கற எஃப்டிஏ 2011லயே எச்சரிக்கை குடுத்துருக்கு. அதனால என்ன மாத்திரை போட்டாலும், தூக்கத்துக்கோ மனசுக்கோ, மயக்க மருந்து டாக்டர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிடு. நீயா நிறுத்திடாத, அதுவும் தப்பு, திடீர்னு நிறுத்துனா வேற தொந்தரவு வரும்.

பொங்கலுக்கு வந்தப்ப சார்ஜருக்காக உன் பை சைடு ஜிப்பை தொறந்தேன், சார்ஜர் இல்ல, மூடிட்டேன். அவ்ளோதான். எம்.சி. ரோடு மெடிக்கல் கடையில பாதி ஆயுசு நின்னவன்டா நான், அந்த மாத்திரை வாங்க ஸ்கூல் டீச்சர் வருவாங்க, ஹார்பர்ல மூட்டை தூக்கறவரு வருவாரு, போலீஸ்காரரு வருவாரு, ஒருத்தரையும் நான் ஒரு மாதிரி பாத்ததில்ல. ஜுரத்துக்கு டோலோ குடுக்கற மாதிரிதான் குடுப்பேன்.

சாயம் வேணாம்னு டாக்டர் சொன்னா அதுக்கும் வழி இருக்கு. ஐசிஜின்னு பச்சை சாயம் ஒண்ணு, அந்த சுரப்பிக்கு ரத்தம் போகுதான்னே கேமரால காட்டும். சாயமே இல்லாம அந்த சுரப்பி தானா ஒளிர்றதை புடிக்கற மெஷினுக்கு அமெரிக்கால 2018ல அனுமதி குடுத்தாங்க. எதுவுமே இல்லன்னாலும் கைராசி உள்ள சர்ஜன் கண்ணாலயே கண்டுபுடிச்சிடுவாரு. கேளு, கூச்சப்படாத, நீ கேக்கலன்னா யாரும் சொல்ல மாட்டாங்க.

எல்லா மாத்திரையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கோ. வாயால சொல்ல ஒரு மாதிரி இருந்தா பேப்பரை நீட்டிடு. அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல, அவ வஞ்சிரம் கருவாடு கட்டி வெச்சிருக்கா, ஆஸ்பத்திரிக்கு எதுக்குடின்னா கேக்கல. அட்மிஷன் என்னைக்குன்னு மெசேஜ் போடு, தட்கல்ல போட்டுட்டு வரேன். எழுதிட்டேன்ப்பான்னும் ஒரு வரி போட்டுடு.

அப்பா