டிரிப் ஷீட் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள சேலத்துக்காரர்களுக்கு,

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அச்சகக்காரன் மிஷினை நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதினால் வீட்டில் திட்டுதான் விழும். விழுந்தது. ஜவுளிக்கடை நோட்டீஸ், பட்டாசுக்கடை விலைப்பட்டியல் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. போன ஞாயிறு, அக்டோபர் 29 அன்று காமலாபுரத்தில், நம் சேலம் விமான நிலையத்தில் பார்த்ததை எழுதாமல் வேறு வேலை ஓட மறுக்கிறது.

விமானம் இல்லாமல் கிடந்த அந்த இரண்டு வருஷக் கதை உங்களுக்குத் தெரியும். 2021-இல் எப்படி நின்றது, யார் யார் என்ன சொன்னார்கள், நாம் எத்தனை தேதிகளை நம்பி ஏமாந்தோம் என்பதையெல்லாம் மறுபடி கிளற வேண்டாம். அந்த நேரத்தில் என் வீட்டில் நடந்ததும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதையும் இங்கே எழுதப்போவதில்லை. அக்டோபர் 16-ஆம் தேதி அலையன்ஸ் ஏர் பெங்களூருவிலிருந்து வந்து கொச்சிக்குப் போனது. 29-ஆம் தேதி இண்டிகோவும் வந்துவிட்டது. ரன்வேயில் டயர் தொட்டபோது கிளம்பிய சின்னப் புகையைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், "இது நிக்குமா, இதுவும் போயிருமா?" என்று கேட்டார். சேலத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 1993-இல் கட்டியதிலிருந்து எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! முதலில் வந்தது கொஞ்ச நாளில் நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, இரண்டு வருஷத்தில் போய்விட்டது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போவதைப் போல.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒருவரைப் பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன். பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் டிரிப் ஷீட் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

போன வருஷம் ஆடி மாசம். கல்யாணப் பத்திரிகை வேலை இல்லாத மாசம், அதனால்தான் சேலத்துக்கு மறுபடி விமானம் கேட்டு மனுப் போடும் எங்கள் குழு அச்சகத்திலேயே கூடிக்கொண்டிருந்தது. குழு என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், ஓய்வு பெற்ற உருக்காலை ஊழியர் ஒருவர், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், அப்புறம் நான். எங்களிடம் கையெழுத்து இருந்தது, கட்டுக்கட்டாக. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் விமானத் தொழிலில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு முகம் தொங்கித் திரும்பியிருந்தோம். மரியாதையாகத்தான் பேசினார். "சார், விமானம் வேணும்னு எல்லா ஊர்லயும்தான் கையெழுத்துப் போடுவாங்க. எத்தனை பேர் காசு கொடுத்து ஏறுவாங்க? இப்ப எங்க போய் ஏறுறாங்க? அதைக் காட்டுங்க" என்றார். நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை.

புதிய பேருந்து நிலையத்தில் இரவு பதினொரு மணிக்கு நின்று, பெரிய சூட்கேஸ் வைத்திருப்பவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் எங்களைப் பிக்பாக்கெட் என்று நினைத்தார்கள். ஜங்ஷனிலும் அதே கதைதான்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் இவர் வந்தார். பில் புக் அடிக்க வந்தவர். சொந்தமாக ஒரு கார் வைத்து ஓட்டுகிறார். டிரிப் ஷீட் தீர்ந்துவிட்டது, அதே மாதிரி ஆறு புத்தகம், ஐம்பது தாள் வீதம், டூப்ளிகேட்டோடு வேண்டும் என்று மாதிரிக்கு ஒரு பழைய புத்தகத்தை மேஜையில் வைத்தார். நான் அளவு பார்க்கப் புரட்டினேன். கிளம்பிய கிலோமீட்டர், முடிந்த கிலோமீட்டர், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா என்று கட்டங்கள். எழுத்து குண்டுகுண்டாக அழகாக இருந்தது. போகும் இடம் என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் "பெங். ஏர்." "பெங். ஏர்." "கோவை ஏர்." "பெங். ஏர்." என்றே வந்துகொண்டிருந்தது.

பெங்களூரு ஏர்போர்ட், கோவை ஏர்போர்ட். என் கை நின்றுவிட்டது. மேஜையில் எங்கள் மனு கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார், நான் எதைப் பார்க்கிறேன் என்பதையும் பார்த்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நாங்கள் கேட்பது கிடைத்தால் முதலில் அடி விழுவது இவர் பிழைப்பில்தானே. புத்தகத்தை மூடி, "செவ்வாய்க்கிழமை வாங்கிக்கலாம்ணா" என்றேன்.

அவர் போகவில்லை. மனுவை எடுத்து முழுக்கப் படித்தார். "கணக்கு ஒண்ணும் காணோமே" என்றார். அதைத்தான் தேடுகிறோம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு மஞ்சள் பையோடு வந்தார். விமானம் நின்றதிலிருந்து அன்றுவரைக்கும் ஓட்டிய டிரிப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. மூன்று நீளநோட்டு. டிரிப் ஷீட்டிலிருந்து ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தனக்காக எழுதி வைக்கிற நோட்டு. திறந்தால் ஒவ்வொரு வரியிலும் கறுப்பு மார்க்கரால் ஒரு பட்டை. பயணிகளின் பேரையும் போன் நம்பரையும் ஒவ்வொன்றாக அடித்திருந்தார். இரண்டு ராத்திரி ஆகியிருக்கிறது. மகளையும் உட்கார வைத்திருக்கிறார்.

"நம்பி வண்டி ஏறுனவங்க. பேரு வெளிய போகக் கூடாது. மத்ததெல்லாம் எடுத்துக்குங்க" என்றார்.

கேட்டே விட்டேன். "அண்ணா, இது வந்தா உங்க பொழப்பு என்னாகும்?"

உட்கார்ந்தார். அப்போது அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "சார், ராத்திரி ஒம்பது மணிக்கு இங்க எடுப்பேன். ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி டோல் தாண்டி, பெங்களூர் ஊரையே ஒரு சுத்துச் சுத்தி, அந்தப் பக்கம் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுல எறக்கணும். ஒரு பக்கமே எரநூத்து முப்பது கிலோமீட்டருக்கு மேல. பார்ட்டி பிளைட் ஏறித் தூங்கிருவாங்க. நான் திரும்பணும்ல? விடியக்கால நாலு மணிக்குத் தொப்பூர் எறக்கத்துல வருவேன். டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு நியூட்ரல்ல லாரி வரும் பாருங்க பின்னாடி. எத்தனை தடவை சாமி கும்பிட்டிருக்கேன் தெரியுமா? என் பொண்டாட்டி அந்த நேரத்துக்கு முழிச்சே இருப்பா. தொப்பூர் தாண்டுனதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அப்புறந்தான் தூங்குவா."

கொஞ்சம் நிறுத்தி, "டிரிப்பு வேற கெடைக்கும் சார்" என்றார்.

அவர் போன பிறகு நாங்கள் அந்த நோட்டுகளை உட்கார்ந்து படித்தோம். கணக்குக்காகத்தான் திறந்தோம். ஆனால் குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்திருந்தார். "வீல்சேர் பாட்டி. மெதுவா போகச் சொன்னாங்க." "துபாய் பார்ட்டி, முறுக்கு டின் அஞ்சு." "காலேஜ் பொண்ணு, லேப்டாப் மறந்துட்டு தர்மபுரியிலேர்ந்து திரும்புனோம். எக்ஸ்ட்ரா வாங்கலை." ஒரு வரியில் ஒன்றுமே இல்லை, "சாவு வீடு. பேசலை" என்று மட்டும். கொலுசுப் பட்டறைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் அந்த வரியைத் தாண்டக் கொஞ்ச நேரம் ஆனது.

வாரத்துக்கு இரண்டு ஏர்போர்ட் டிரிப், சில வாரம் மூன்று. ஒரே ஒரு வண்டியில். அவர் சொல்லி இன்னும் நாலு டிரைவர்கள் தங்கள் கணக்கைக் கொடுத்தார்கள். பையன்கள் அதை ஒரு பக்க அட்டவணையாக்கினார்கள். எந்த நாளில் அதிகம், எந்த ஊருக்கு, குடும்பத்தோடு எத்தனை, தனியாக எத்தனை என்று. நல்ல ஆர்ட் பேப்பரில் அடித்து மனுவோடு இணைத்தோம். அதற்குப் பிறகு எங்கே போனாலும், பேச ஆரம்பிக்கும் முன்பே எதிரில் இருப்பவர் அந்தத் தாளைத்தான் எடுத்துப் படிப்பார்.

அந்தத் தாளால்தான் விமானம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு மானியம் தரும் உடான் திட்டம் இருக்கிறது, அரசு முடிவு இருக்கிறது, கம்பெனிகளுக்கு அவர்கள் கணக்கு இருக்கிறது. நாங்கள் தட்டிய கதவுகளை எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் தட்டியிருக்கிறார்கள். ஆனால் வெறும் ஆசையோடு நின்ற எங்கள் கையில் ஒரு காகிதம் கிடைத்தது. அதைக் கொடுத்தவர் அதனால் நஷ்டப்படப் போகிறவர். இதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் கட்சி பார்க்காமல் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், வணிகர் சங்கத்துப் பெரியவர்கள், திருப்பி அனுப்பாமல் உட்கார வைத்துக் காப்பி கொடுத்த அதிகாரிகள், நாங்கள் கொடுத்த செய்தியைப் பத்தாவது தடவையும் சலிக்காமல் போட்ட நிருபர்கள், பையன்களின் பெற்றோர்கள் (செமஸ்டர் மார்க் குறைந்ததற்கு நாங்கள்தான் காரணம்), எல்லோருக்கும் நன்றி. விமானமே வராத காலத்தில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்ட ஊழியர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. வராத விருந்தாளிக்கு தினமும் வாசல் தெளித்தவர்கள் அவர்கள்.

இன்னும் ஒன்று. சந்தோஷத்தில் இதை விட்டுவிடக் கூடாது. விரிவாக்கத்துக்கு 500 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும் என்ற பேச்சு காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடிக்காரர்கள் தலைக்கு மேல் வருஷக்கணக்காகத் தொங்குகிறது. அவர்களின் கண்டன நோட்டீசும் என் அச்சகத்தில்தான் அடித்தது. ஒரே மேஜையில் ஒரு பக்கம் எங்கள் மனு, இன்னொரு பக்கம் அவர்கள் நோட்டீஸ். நோட்டீஸ் வாங்க வந்த விவசாயி எங்கள் மனுவைப் பார்த்துவிட்டு, "பிளைட்டு வரட்டும், யாரு வேண்டாம்னது. இப்ப இருக்கற ரன்வேயே போதும்ல?" என்றார். போதும். ஏறத்தாழ 1,800 மீட்டர் இருக்கிறது, இப்போது வருகிற ஏடிஆர் என்ற சின்ன விமானம் அதில்தான் இறங்குகிறது. பெரிய விமானம் வேண்டும் என்று நாளைக்கு நம்மில் யாராவது கிளம்பினால், முதல் கூட்டத்தை அந்த ஊர்களில் போடுங்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு விரிவாக்க மனுவையும் என் மிஷினில் ஏற்ற மாட்டேன். இது நான் எனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடான் மானியம் ஒரு தடத்துக்கு மூன்று வருஷம்தான். சலுகைக் கட்டணமும் எல்லா சீட்டுக்கும் இல்லை, கிட்டத்தட்ட பாதிக்குத்தான். அதற்குப் பிறகு சீட்டு நிறைந்தால் ஓடும், இல்லையென்றால் பழைய கதைதான். அந்தப் பாட்டியின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: ஹைதராபாத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு இனி காமலாபுரத்திலிருந்துதான் போவேன். பஸ்ஸில் நூறு ரூபாய் மிச்சம், ரயிலில் ஐந்நூறு மிச்சம் என்று கணக்குப் பார்க்கும் ஆள்தான் நானும். இந்த ஒரு விஷயத்தில் பார்ப்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலைய வாசலில் டிரிப் ஷீட் அண்ணனைப் பார்த்தேன். வண்டியோடு நின்றிருந்தார். "டிரிப் போச்சுன்னு நெனச்சீங்களா? ஏற்காட்டுக்கு ஒரு பார்ட்டி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஏற்காடு டிரிப்புக்கும் தேவனஹள்ளி டிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும், அவர் நோட்டைப் படித்தவனல்லவா. மாதக் கடைசியில் அவர் கணக்கு எப்படி இருக்கும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் இறங்கினால், வண்டி வேண்டுமென்றால் வாசலில் நிற்கிற நம் ஊர் டிரைவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அண்ணா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், உங்கள் மகள் காட்டுவாள். புது டிரிப் ஷீட் ஆறு புத்தகம் பைண்டிங் முடிந்து தயாராக இருக்கிறது. காசு வேண்டாம் என்றால் வாங்க மாட்டீர்கள், தாள் காசு மட்டும் கொடுங்கள். தீபாவளிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்று நோட்டும் அதே மஞ்சள் பையில் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
அம்மாப்பேட்டை அச்சகக்காரன்
சேலம், 3 நவம்பர் 2023