அறுவைச் சிகிச்சை இலவசம், விட்ட ஷிப்ட்டுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இன்று அறுவைச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவே பார்த்து அனுப்பிவிடுகிறது. பல்லடம் பக்கம் டீச்சராக இருக்கும் எனக்குத் தெரிந்து, காசில்லை என்று உதட்டைத் தைக்காமல் விட்ட வீடு இல்லை. சிக்கலெல்லாம் அதற்கப்புறம்தான்.

உதட்டை 3 முதல் 6 மாதத்தில் தைப்பார்கள். அண்ணமும், அதாவது வாயின் மேற்கூரையும், பிளந்திருந்தால் ஒன்றரை வயதுக்குள் இன்னொரு அறுவை. பிறகு பேச்சுப் பயிற்சி, ஈறில் எலும்பு வைப்பது, பல்லுக்குக் கம்பி என்று பதினெட்டு வயதுவரைகூட இழுக்கும். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். பயிற்சியோ வார நாளில், திருப்பூரில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, சரி. போன ஷிப்ட்டை யார் தருவார்கள்?

என் வகுப்பில் ஒரு பிள்ளை வருகைப் பதிவின்போது வாயே திறக்காது, கையை மட்டும் தூக்கும். காற்று மூக்கு வழியாகப் போய்விடுவதால் ப, ட எல்லாம் அழுத்தமாக வராது. பயல்கள் கேலி செய்வதால்தான் பேசவில்லை என்று நினைத்துக் கேட்டேன். "என்னாலதான் அம்மாக்கு வாராவாரம் சம்பளம் கொறையுதுங்க டீச்சர், இனிமேல் போகலீங்க" என்றது. சனிக்கிழமை கவரில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதுவரை அதற்குத் தெரிந்திருக்கிறது. கேலி செய்பவனை நான் அதட்டிவிடலாம். இதற்கு என்ன செய்வது?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மனக்கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. கல்யாணம் காட்சிக்குக் கூட்டிப் போகாமல் மறைத்து வைக்கும் வீடுகளும் உண்டு. கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று தாயைக் கேட்காத வீடு ஏது! ஆனால் அந்தப் பிள்ளைகள் கோயம்புத்தூரில் கம்பி போட்டுக்கொண்டு, பயிற்சியும் விடாமல் முடித்துவிடுகிறார்கள். தான் வீட்டுக்குச் செலவு என்ற நினைப்பு அவர்களுக்கு இல்லை.

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது பேச்சுப் பயிற்சியாளர் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு வந்தால் போதும். கம்பெனிக்கு அன்று லீவு, ஊரிலிருந்து பக்கம். சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். வரவேண்டிய பிள்ளைகளின் பட்டியலை எங்களைப் போன்ற ஆசிரியர்களே எழுதித் தருவோம்.

- ஓர் ஆசிரியை, பல்லடம்