இறந்தவர் மேல் பழி போட என்ன அவசரம்? ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் பெங்களூரில் வசிக்கும் ஒரு சரக்கு ரயில் லோகோ பைலட்டின், அதாவது எஞ்சின் டிரைவரின், மனைவி. சொந்த ஊர் ஜோலார்பேட்டை. அப்பா, மாமனார், கணவர் மூவருமே ரயில்வேதான். இதை அவர் சொல்லி நான் எழுதவில்லை. அவர் பணியில் இருப்பதால் பெயர் போடவும் இல்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: விபத்து விசாரணை முடியும்வரை, இன்னார்தான் குற்றவாளி என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தில் ரங்காபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் ஒரு சரக்கு ரயில் மோதியது. சரக்கு ரயில் டிரைவர் சிக்னலை மதிக்காததுதான் காரணம் என்று தெரிகிறது என அன்றைக்கே அப்போதைய வாரியத் தலைவர் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். டிரைவர் இறந்துவிட்டார். உதவி டிரைவரும் இறந்துவிட்டதாகத்தான் முதலில் அறிவித்தீர்கள். அவரோ உயிரோடு மருத்துவமனையில் இருந்தார். எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரை ஒரு வார்த்தை கேட்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அல்சூரில், பூக்காரம்மா முழம் போட்டபடியே கேட்டார்: "ஏம்மா, டிரைவர் தூங்கிட்டானாமே? உங்க வீட்டுக்காரரும் ராத்திரி வண்டிதானே ஓட்றாரு?" தூங்கினார் என்று நீங்கள் சொல்லவில்லைதான். ஆனால் டெல்லியிலிருந்து 'டிரைவர்' என்ற சொல் மட்டும் வந்தால் போதும், தூக்கமும் குடியும் ஊர் வாயில் தானாகச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? என் கணவர் அப்போது டூட்டியில் இருந்தார்.

பிறகுதான் அந்தச் சீட்டு வெளியே வந்தது. அதிகாலை 5.50 முதலே அந்தப் பிரிவில் தானியங்கி சிக்னல்கள் பழுது. சிவப்பு சிக்னல்களைத் தாண்டிப் போகலாம் என்று ராணிபத்ரா ஸ்டேஷனில் அந்த டிரைவருக்கு டி/ஏ 912 சீட்டை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கொடுத்ததே தவறான சீட்டு, எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதும் அதில் இல்லை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை பின்னர் சொன்னது. சிக்னல் பழுதான பிறகு அந்தப் பிரிவுக்குள் நுழைந்தவை ஏழு வண்டிகள். அவற்றில் கஞ்சன்ஜங்கா மட்டும்தான் ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்று, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் வந்திருக்கிறது. சிக்னல் பழுதானால் அப்படித்தான் வர வேண்டும் என்பது விதி; மற்ற ஆறு வண்டிகளும் அந்த விதிப்படி வரவில்லை. ஆறு வண்டி டிரைவர்களும் ஒரே காலையில் அலட்சியக்காரர்கள் ஆகிவிட்டார்களா? அந்தச் சீட்டைக் கையில் வாங்கினால் எப்படி ஓட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லித் தரப்படவில்லை. எந்த நேரமும் நடக்கக் காத்திருந்த விபத்து என்றே ஆணையர் எழுதினார். பழியை இறந்தவர் தலையில் கட்டி அன்றோடு கோப்பை மூடியிருந்தால், அதே மாதிரிச் சீட்டு இன்னும் எத்தனை ஸ்டேஷன்களில் நீட்டப்பட்டிருக்கும்?

இதற்காகத்தானே அந்த ஆணையர்கள் இருக்கிறார்கள்? வண்டி ஓட்டும் நிர்வாகமே தன் விபத்தையும் விசாரிக்கக் கூடாது என்று 1941-லேயே அவர்களைத் தனியாகப் பிரித்தார்கள். இன்றும் அவர்கள் உங்கள் அமைச்சகத்தில் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள். தென் வட்ட ஆணையரின் அலுவலகம் எங்கள் பெங்களூரில்தான் இருக்கிறது. 2024 அக்டோபரில் மைசூரிலிருந்து கிளம்பிப் பெங்களூரு வழியாகப் போன பாக்மதி எக்ஸ்பிரஸ், சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையில் லூப் லைனில் (ஸ்டேஷனில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளம்) நின்ற சரக்கு ரயில் மேல் மோதியது. உடனே, 2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில் நடந்த ரயில் விபத்து மாதிரியே சிக்னல் கோளாறு என்று பேசினார்கள். தண்டவாள மாற்றுப் பகுதியின் பாகங்களை யாரோ கழற்றியிருக்கிறார்கள், இது நாசவேலை என்று கடைசியில் அறிக்கை சொன்னது. பாலசோரிலோ இதற்கு நேர்மாறு. அங்கே 290-க்கும் மேற்பட்டோர் இறந்த மறுநாளே சதி என்று கிளப்பிவிட்டார்கள். பக்கத்திலிருந்த கோயிலைப் பள்ளிவாசல் என்று காட்டி, ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு முஸ்லிம் பெயரை வைத்து, அவர் தலைமறைவு என்று பரப்பினார்கள். ஒடிசா போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. விசாரணையில் வெளிவந்தது சிக்னல் வயரிங் வேலையில் நடந்த தவறு. அந்த வதந்தியைக் கிளப்பியது நீங்கள் அல்ல. ஆனால் பொறுப்பில் இருப்பவர்களே முதல் நாள் குற்றவாளியைக் காட்டிப் பழக்கினால், ஊரும் தன் பங்குக்கு ஒருவரைத் தேடத்தான் செய்யும்.

டிரைவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று நான் வாதாடவில்லை. தப்பு நிரூபணமானால் தண்டனை கொடுங்கள். விபத்து நடந்த அன்றே எதையும் பேசாதீர்கள் என்றும் சொல்லவில்லை. சிக்னல் வேலை செய்ததா, டிரைவரிடம் என்ன சீட்டு இருந்தது, அவர் எத்தனை மணி நேரமாக டூட்டியில் இருந்தார், முந்தைய நாள் ஓய்வு கிடைத்ததா என்பதையெல்லாம் அன்றைக்கே சொல்லுங்கள். ஆணையரின் அறிக்கை வந்ததும் முழுசாக வெளியிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 அக்டோபர் 29 அன்று ஆந்திராவில் விஜயநகரம் அருகே இரண்டு பாசஞ்சர் ரயில்கள் மோதி 14 பேர் இறந்தார்கள். பின்னால் வந்த வண்டியின் டிரைவரும் உதவி டிரைவரும் அதில் இறந்துபோனார்கள். இருவரும் ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று 2024 மார்ச்சில் ரயில்வே அமைச்சரே சொன்னார். டூட்டி ஏறும் டிரைவர்கள் பதிவு செய்யும் லாபியில் கையெழுத்துப் போட்டு, மூச்சுச் சோதனை முடித்து, ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு எஞ்சின் ஏறும் மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பழுதான இரண்டு சிக்னல்களை விதி மீறிக் கடந்தது அவர்கள் தவறு என்று விசாரணை அறிக்கை சொன்னது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிரிக்கெட் பார்த்ததாகச் சொன்னது உண்மை இல்லை என்பதும் அதே விசாரணையில்தான் தெரியவந்தது.

அந்த இரண்டு வீடுகளுக்கும் வாரியத்தின் முத்திரையோடு ஆளுக்கொரு கடிதம் அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை கிரிக்கெட் பார்க்கவில்லை என்று அதில் எழுதியிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு லோகோ பைலட்டின் மனைவி,
பெங்களூரு