மோட்டார் ஹோம் பயணம்: அம்புலன்ஸ் கட்டணம் யார் தலையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ போய், அங்கே ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சுற்றுவது நம்மவர்களிடையே பரவி வருகிறது. இங்கே கோலாலம்பூரில் அந்தப் பயணத்தை விற்பவர்கள் எத்தனை படுக்கை, எந்த அடுப்பு, கழிப்பறை உள்ளே உண்டா என்றெல்லாம் விளக்கமாகச் சொல்கிறார்கள். வண்டி நடுவழியில் நின்றால் யார் வருவார்கள், அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் அம்புலன்ஸ் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று கேட்டால் மட்டும் ‘எல்லாம் இன்சூரன்ஸில் இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ‘எல்லாம்’ உண்மையில் மூன்று தனித்தனி ஒப்பந்தங்கள்: வாடகை நிறுவனம் தரும் சாலை உதவி, வண்டிச் சேதத்துக்கான காப்பு, இங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டு போகும் பயணக் காப்புறுதி. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அம்புலன்ஸ். நம் நாட்டில் 999-ஐ அழைக்கும்போது கட்டணத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் அம்புலன்ஸ் மாநில அரசுகளின் பொறுப்பு. மெடிகேர் எனும் மத்திய அரசின் மருத்துவத் திட்டத்தில் அது சேராது. குயின்ஸ்லாந்தில் அம்புலன்ஸ் இலவசம் என்று சொல்வார்கள். அந்தச் சலுகை அங்கே குடியிருப்பவர்களுக்கு. வெளிநாட்டுப் பயணிக்குப் பில் வரும். பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி போன்ற சில நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ உடன்பாடு உண்டு. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. விக்டோரியாவில் ஒரு தடவை அவசரமாக ஏற்றிப் போனாலே ஆயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிடும். நியூ சவுத் வேல்ஸில் புறப்பாட்டுக்கு ஒரு தொகை, அதன்மேல் கிலோமீட்டர் கணக்கு. நகரத்தை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோமோ அவ்வளவுக்குப் பில் ஏறும். வந்து பார்த்து, ஏற்றாமலே திரும்பிப் போனாலும் சில மாநிலங்களில் கட்டணம் உண்டு.

மகனோ மகளோ அங்கே படிக்கிறார்கள், அவர்களுடைய மாணவர் காப்புறுதியில் அம்புலன்ஸ் இருக்கிறது என்று சில பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஒருவர் பெயரில் எடுத்த மாணவர் காப்புறுதி அந்த மாணவரை மட்டுமே காக்கும். பார்க்கப் போகும் பெற்றோர் தங்களுக்கென்று தனியாக எடுத்தாக வேண்டும்.

உள்நாட்டின் தொலைவான பகுதிகளில் பறக்கும் மருத்துவர் சேவை உண்டு. 1928-இல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் தொடங்கியது, இன்றும் விமானத்தில் நோயாளிகளை ஏற்றிப் போகிறது. ஆனால் விமானம் வர வேண்டுமா, சாலை அம்புலன்ஸ் போதுமா என்று முடிவு செய்வது நாம் அல்ல. அவசர எண்ணில் பேசுபவர்களும் மருத்துவர்களும்தான். தொலைவிலுள்ள பல ரோட்ஹவுஸ்களில், அதாவது பெட்ரோலும் சாப்பாடும் விற்கும் வழித்தங்கல்களில், அந்தச் சேவையின் மருந்துப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். மருத்துவர் தொலைபேசியில் எண்ணைச் சொல்ல, அங்கிருப்பவர் எடுத்துக் கொடுப்பார். ஆகவே உடம்புக்கு ஏதாவது என்றால், அடுத்த ரோட்ஹவுஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று தெரிந்திருப்பது பெரிய உதவி.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள். சாலை அம்புலன்ஸ், விமான அம்புலன்ஸ் இரண்டும் சேருமா? மருத்துவமனையில் படுக்க வைக்காமல் அனுப்பிவிட்டாலும் அம்புலன்ஸ் பில்லைக் கட்டுவீர்களா? வேறு மருத்துவமனைக்கு மாற்றவும் மலேசியாவுக்குக் கொண்டு வரவும் யாருடைய ஒப்புதல் வேண்டும்? பெரும்பாலும் காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர உதவி மையம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் அந்தச் செலவு ஏற்கப்படும். நாமாக ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு கேட்டால் கை விரித்துவிடுவார்கள். நீரிழிவு, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் இவற்றை மறைக்காமல் சொல்லி, அவை காப்பில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தொகை குறையும் பாலிசிகளும் உள்ளன. தாத்தா பாட்டியைக் கூட்டிப் போகிறவர்கள் வயது அட்டவணையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வண்டி. வாடகை நிறுவனத்தின் சாலை உதவி என்பது வண்டியின் இயந்திரக் கோளாறுக்கு. விளக்கை அணைக்காமல் விட்டு பேட்டரி இறங்கியது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டியது, எண்ணெய் தீர்ந்தது, மணலில் புதைந்தது இவையெல்லாம் பொதுவாக நம் செலவு. நம்மவர்களுக்கு அடிக்கடி நேரக்கூடியது எண்ணெய் மாறுவது. இங்கே பெட்ரோல் காரையே ஓட்டிப் பழகிய கை, டீசல் மோட்டார் ஹோமிலும் பெட்ரோலை ஊற்றிவிடும். தெரிந்தவுடன் சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் பம்ப் ஓடி, தவறான எண்ணெய் இன்ஜெக்டர் வரைக்கும் போய்விடும். தொட்டியைக் காலி செய்வதோடு முடிய வேண்டியது பெரிய பழுதாகிவிடும். டீசல் வண்டியின் புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ கரைசலை டீசல் தொட்டியில் ஊற்றுவது அதைவிட மோசம். இவை எந்தக் காப்பிலும் அடங்குவது அரிது.

வண்டிச் சேதக் காப்பிலும் ஓட்டைகள் உண்டு. டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள். மோட்டார் ஹோம் உயரமானது. மரக்கிளையிலும் கடைவாசல் கூரையிலும் உரசுவது சகஜம். சேதம் நேர்ந்தால் நாம் ஏற்க வேண்டிய தொகை, அதாவது எக்செஸ், பல ஆயிரம் டாலர். ‘வாடகைக் கார் எக்செஸ்’ என்று பயணக் காப்புறுதியில் இருக்கிறதே என்றால், பல பாலிசிகளில் கார் என்பதற்குள் மோட்டார் ஹோமோ கேம்பர்வேனோ வராது. விளக்கப் பகுதியில் ‘வாடகை வாகனம்’ என்பதற்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

காப்பை முற்றாக இழக்க வைப்பவை மூன்று. தார் போடாத சாலையில் ஓட்டுவது. முகாமுக்குப் போகும் குறுகிய தூரத்துக்கு மட்டும் சில நிறுவனங்கள் விதிவிலக்கு தரும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது. தடை இருக்கும் பகுதிகளில் இருட்டிய பிறகு ஓட்டுவது. கங்காருவும் மாடும் சாலைக்கு வரும் நேரம் அதுதான். ஓட்டுநர் உரிமத்தோடு, ஜேபிஜே எனும் நம் சாலைப் போக்குவரத்துத் துறை தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஹோமை விட்டு, காரின் பின்னால் கேரவன் இழுத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: கார் பழுதானால் கேரவனையும் சேர்த்து இழுப்பார்களா, எத்தனை கிலோமீட்டர் வரை, எவ்வளவு நீளமும் எடையும் வரை? காரை மட்டும் லோரியில் ஏற்றிவிட்டு கேரவனை ஓரத்தில் விட்டுப் போகும் திட்டங்களும் உண்டு. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாகனமோட்டிகள் சங்கம் இருக்கிறது: விக்டோரியாவில் ஆர்ஏசிவி, குயின்ஸ்லாந்தில் ஆர்ஏசிகியூ, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆர்ஏசி. மலேசிய ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர்கள், அங்கே தங்களுக்கு என்ன உதவி கிடைக்கும் என்று புறப்படுமுன் கேட்டு, கடிதமாக வாங்கிக்கொள்வது நல்லது.

எத்தனை காப்பு இருந்தாலும் அழைக்க வழியில்லை என்றால் பயனில்லை. அவசர எண் 000. கைத்தொலைபேசியில் 112-உம் வேலை செய்யும். ஆனால் எந்த நிறுவனத்தின் கோபுரமும் எட்டாத இடத்தில் 112 ஒன்றும் செய்யாது. தெற்கு ஆஸ்திரேலியாவையும் மேற்கு ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் நலர்போர் வழியில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே சாலை 146 கிலோமீட்டர் வளையாமல் போகும். அப்படிப்பட்ட வழிகளில் நெடுந்தூரத்துக்குத் தொடர்பே இருக்காது. 2024 அக்டோபர் இறுதியில் அங்குள்ள தொலைபேசி நிறுவனங்களான டெல்ஸ்ட்ராவும் ஓப்டஸும் 3ஜியை மூடத் தொடங்கின. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு போகாத பழைய கைத்தொலைபேசி இப்போது 000-ஐ எட்டாது. கிராமப்புறத்தில் அதிக இடங்களை எட்டுவது டெல்ஸ்ட்ரா. தொலைவாகப் போவதென்றால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்றை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். அழுத்தினால் துணைக்கோள் வழியாகக் கான்பெராவில் உள்ள மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்துவது அது. டயர் வெடித்ததற்கு அல்ல. இருக்கும் இடத்தைச் சொல்ல ‘எமர்ஜென்சி பிளஸ்’ செயலியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். வண்டியை விட்டு நடக்க வேண்டாம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் குடிநீர், அதோடு இரண்டு நாளுக்கு உபரி.

இங்கேயே கெரிக்–ஜெலி சாலை வழியாக வேனில் முகாமிடப் போகிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். பிளஸ் நிறுவனத்தின் ரோந்து வண்டி அதன் சொந்த நெடுஞ்சாலையோடு சரி. நம் மோட்டார் காப்புறுதியின் இழுவை உதவிக்குக் கிலோமீட்டரிலோ ரிங்கிட்டிலோ ஓர் எல்லை உண்டு. மாற்றியமைத்த வேனாக இருந்தால் ஜேபிஜே ஒப்புதலும், அந்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் அறிவித்ததற்கான தாளும் வண்டியிலேயே இருக்கட்டும்.

பயண முகவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன விவரங்களையும் மூன்று நிறுவனங்களின் 24 மணி நேர எண்களையும் ஒரே தாளில் அச்சடித்து, முன்பணம் வாங்கும்போதே கொடுங்கள். கவுன்டரில் கையெழுத்துப் போடும் நேரத்தில் யாரும் முப்பது பக்க ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை.

இன்னொரு விஷயம். அம்புலன்ஸ் பில் அங்கேயே கைக்கு வராமல், வாரங்கள் கழித்து மலேசிய முகவரிக்குத் தபாலில் வரலாம். பல பாலிசிகளில் சம்பவம் நடந்து குறிப்பிட்ட நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கும், அது சில நேரம் 30 நாள்தான். பில்லுக்குக் காத்திராமல் சம்பவம் நடந்த அன்றே உதவி மையத்தை அழைத்து, கோப்பு எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்