லண்டன் வெம்ப்ளியில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி இப்போது தேவலை.

குடியேறியவர்களுக்கு ஆதரவான பேரணிக்கு ஆபீஸ் தோழி கூப்பிட்டதையும், "கத்திவிட்டு வந்தால் இந்த ஊர்க்காரங்க மனசு மாறிடுமாம்மா?" என்று நீ கேட்டதையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மாறும். ஆனால் எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். 1968 ஏப்ரலில் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஈனாக் பவல் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிக் கட்சிப் பொறுப்பை இழந்தார். மூன்றே நாளில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்காக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அத்தனை பேரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். மனசுக்குள் வைத்திருந்த வெறுப்பைத் தெருவில் சொல்லலாம் என்ற தைரியம் அதில் பலருக்கு வந்திருக்கும்.

1977 ஜூலை 11 அன்று, உன் வீட்டிலிருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் டாலிஸ் ஹில்லில் அதே லண்டன் துறைமுகத் தொழிலாளர்களின் பதாகை வந்தது. இந்த முறை சேலை கட்டிய பெண்களுக்காக. க்ரன்விக் என்ற போட்டோ கழுவும் கம்பெனியில் பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள் வேலை பார்த்தார்கள். பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்க வேண்டுமாம். 1976 ஆகஸ்டில் ஜெயாபென் தேசாய் வெளிநடப்பு செய்தார். ஐந்தடிகூட உயரமில்லாத பெண்மணி. சங்கம் வைக்கும் உரிமைதான் அவர்கள் கேட்டது.

கம்பெனிக்குப் படச்சுருள் வருவதும் பிரிண்ட் போவதும் தபாலில்தான். கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அந்தத் தபாலைத் தொட மறுத்தார்கள். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் காலமெல்லாம் தபால் பிரித்தவள் நான். கைக்கு வந்த பையை ஒதுக்கி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். வேலையே போகலாம். முன்பின் தெரியாத வெளிநாட்டுப் பெண்களுக்காக அதைச் செய்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

ஒரே நாள் கூட்டத்தால் வந்த மாற்றம் இல்லை இது. அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் குளிரிலும் மழையிலும் வாசலில் நின்றார்கள். ஊர் ஊராகப் போய் மற்ற தொழிலாளர்களிடம் பேசினார்கள். "பாவம், வெளிநாட்டுக்காரிகள்" என்று யாரும் இரக்கப்பட வேண்டியிருக்கவில்லை. இவர்கள் கேட்பது நாமும் கேட்பதுதானே என்று அந்தத் தொழிலாளர்களுக்கே தோன்றியது. நடுவில் தள்ளுமுள்ளில் ஒரு போலீஸ்காரர் தலையில் அடிபட்டுக் கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அப்புறம் ஊர்ப்பேச்சு பெண்களை விட்டு வன்முறைக்குப் போய்விட்டது. 1978 ஜூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது, வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

2024 ஆகஸ்டில் கலவரக்காரர்கள் வதந்தியை நம்பி, அகதிகள் தங்கியிருந்த ஹோட்டல்களைத் தாக்கினார்களே, அப்போது நீ வெளியே போகவே பயந்தாய். அந்த வாரமே லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். அதைப் பார்த்த பிறகுதான் உன் குரல் தெளிந்தது. மற்றவர்கள் மனசு மாறியதோ இல்லையோ, பயந்தவர்களுக்குத் தெம்பு வந்தது. அதுவும் எனக்குப் பெரிய விஷயம்தான்.

அதனால் போய்விட்டு வா. ஆனால் அதோடு விடாதே. பக்கத்து சீட்டுக்காரர்களிடம் பேசு, சங்கம் இருந்தால் சேர். பேரணியில் தோழியை விட்டுப் பிரியாதே, தள்ளுமுள்ளு தெரிந்தால் ஒதுங்கிக்கொள். வீட்டுக்கு வந்ததும் எத்தனை மணியானாலும் ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா